சிக்கரிக்கு ஒரு சட்டம், கேம் தூளுக்கு ஒரு சட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாடுதுறையில் 34 வருடமாகக் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறவன் நான். கடை திறந்ததும் முதலில் உங்கள் பத்திரிகை, அப்புறம்தான் வறுவல். போன ஞாயிற்றுக்கிழமை மின்விளையாட்டுப் போட்டிகள் பற்றி முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். படத்தில் பையன்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு குலுக்குப் பாட்டில். கம்ப்யூட்டரைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள். பாட்டிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்குள் கரைத்திருக்கிற காஃபீன் தூளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, வெட்டிக்கொள்ளுங்கள். தராசு விஷயத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் காஃபீன் விற்றுப் பிழைக்கிறவன்தான். 2024 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபீனுக்கு மேல் வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்று சொன்னபோது, "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா" என்று கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்று படித்த அந்த 300 என்கிற எண்தான் இப்போது எனக்கே கைகொடுக்கிறது.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 16 வயது, பிளஸ் ஒன். அவனுடைய அப்பா அம்மா மஸ்கட்டில் இருக்கிறார்கள். இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறான். ராத்திரி கேம் ஆடுவான். அதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. இவன் வயதில் நாதஸ்வரக் கச்சேரி எங்கே நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், விடியவிடியக் கேட்டுவிட்டு, கடை திறக்கிற நேரத்துக்கு வந்து அப்பாவிடம் திட்டு வாங்கினவன் நான். கேட்டால் பையனும் விடுவதில்லை. "அது ஸ்போர்ட்ஸ் தாத்தா. 2022 டிசம்பர்லயே கவர்ன்மென்ட் ஒத்துக்கிச்சு, ஏஷியன் கேம்ஸ்ல மெடலே இருக்கு" என்பான். உண்மைதான், நானும் பேப்பரில் பார்த்தேன்.

தை மாதம் ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணி இருக்கும். "பாட்டி, நெஞ்சு படபடங்குது" என்று எழுப்பினான். கையைப் பிடித்தால் நடுங்குகிறது. நாடி ஓடுகிற ஓட்டத்தில் என்னால் எண்ணவே முடியவில்லை. ஆட்டோவுக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கோளாறு ஒன்றும் இல்லை, வேகம்தான் அதிகம். பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "காபி நிறையக் குடிப்பானா?" என்று கேட்டார். காலையில் ஒரு டம்ளர்தான் என்றேன். என் சட்டையிலிருந்து வருகிற வாசனை அவருக்கும் அடித்திருக்கும் போல, என்னை ஒரு பார்வை பார்த்தார். குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்துத்தான் டப்பா கிடைத்தது. கட்டிலுக்கு அடியில், பழைய ஷூ பெட்டிக்குள். புரோட்டீன் பவுடர் டப்பா மாதிரிதான், கொஞ்சம் சின்னது. மேலே ராட்சசன் படம், கையில் மின்னல். நீலநிறத் தூள். மோந்து பார்த்தால் புளிப்பு மிட்டாய் வாசனை. "கேமர்களுக்கென்றே தயாரித்தது, கவனம் கூடும், கை வேகம் கூடும், சோர்வு விழாது, சர்க்கரை இல்லை" என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. வெளிநாட்டுச் சரக்கு. விற்றவர்கள் ஒட்டிய விலைச் சீட்டு, அளவு எழுதியிருந்த இடத்தில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒரு கரண்டி 7 கிராம். ஒரு கரண்டியில் காஃபீன் 150 மில்லிகிராம். டப்பாவில் 40 கரண்டி.

நல்ல பில்டர் காபி ஒரு டம்ளரில் 80 முதல் 120 வரை இருக்கும் என்று அந்த ஆராய்ச்சிக் கழகமே சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஒரு கரண்டி என்பது ஒன்றரை டம்ளர். சரி, அதிலேயே நெஞ்சு அடைக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன். பேரனைக் கூப்பிட்டு, "நீ எத்தனை கரண்டிடா போடுவ?" என்று கேட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று என்றான். டப்பா எப்போது வந்தது? இரண்டு வாரத்துக்கு முன்னால். அடியில் ஒன்றிரண்டு கரண்டிதான் தேறும். எனக்குக் கணக்கு உதைத்தது. நாளைக்கு இரண்டு கரண்டி என்றால் பதினாலு நாளைக்கு 28. டப்பாவில் 40. மீதி 12 கரண்டி இருக்க வேண்டும், அது எங்கே போயிற்று? நண்பர்களுக்குக் கொடுத்தாயா என்றால், சத்தியமாக இல்லை என்கிறான்.

அங்கேதான் தராசு வருகிறது. என் கடைத் தராசு கிராமுக்குக் கீழே காட்டாது. பக்கத்தில் நகை அடகுக் கடை. அங்கே போய், பேரனையும் கூட்டிக்கொண்டு, தராசை இரவல் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பொன் நிறுக்கிற தட்டில் ஒரு துண்டுக் காகிதம் போட்டுக் கொடுத்தார். "வழக்கமா எப்படிப் போடுவியோ அப்படியே போடு" என்றேன். கரண்டியைத் தூளுக்குள் அமுக்கி, கோபுரமாக அள்ளிக் கொட்டினான். 10.4 கிராம். அடுத்ததை நான் எடுத்து, மேலே கத்தியால் வழித்துவிட்டுக் கொட்டினேன். 7.1. எங்கள் தொழிலில் இதைக் 'குவியல்', 'வழியல்' என்போம். அந்தக் காலத்தில் படியால் அளந்து விற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வித்தியாசம் முழுக்க அந்தக் கோபுரத்தில்தான் இருக்கிறது. டப்பாவில் 280 கிராம், பத்தரையால் வகுத்தால் 27 கரண்டி. காணாமல் போன கரண்டியெல்லாம் அகப்பட்டுவிட்டது.

அதாவது பையன் ஒரு தடவைக்குப் போட்டது 150 இல்லை, 220 மில்லிகிராமுக்கு மேல். இரண்டு தடவைக்கு 440. காலைக் காபியைச் சேர்த்தால் 500-ஐத் தாண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது, நல்ல ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 400, ஒரே தடவையில் 200. சின்னவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். என் பேரன் 52 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 156. வழித்துப் போட்ட ஒரு கரண்டியோடு அவனுடைய நாள் முடிந்துவிட்டது.

இதில் ராத்திரி என்கிற விஷயம் வேறு. உள்ளே போன காஃபீனில் பாதி இறங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்த 220-இல் 110 விடியற்காலை மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கும். அது போதாதென்று நடுவில் இன்னொரு கரண்டி. பள்ளிக்கூடத்தில் முதல் பீரியடில் தூங்கி வழிகிறான் என்று வகுப்பாசிரியை டிசம்பரில் போன் செய்தபோது, முதல் டப்பா வாங்கிய புதிது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காஃபீன் சக்தி கொடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானே அப்படிச் சொல்லித்தான் வியாபாரம் செய்திருக்கிறேன். அது சக்தி ஒன்றும் கொடுப்பதில்லை. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்று ஒன்று சேரும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால்தான் நமக்குத் தூக்கம் வருகிறது. காஃபீன் முந்திக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல, அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தூக்கம் நின்றுகொண்டே வருகிறது, இறங்கிப் போவதில்லை. அந்த டப்பாவிலேயே பாருங்கள், ஒரு கரண்டிக்கு 15 கலோரி. ஒரு இட்லியில் பாதிகூடக் கிடையாது. இதற்கு 'எனர்ஜி' என்று பெயர்.

கசப்பு என்று ஒன்று இருப்பதே ஒரு காவல் என்பது இத்தனை வருடம் தொழில் செய்தும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. காஃபீன் கசக்கும். காபி கசக்கும், அதோடு சுடும். மூன்றாவது டம்ளரை யாரும் மடமடவென்று குடித்துவிட முடியாது. வயிறே வேண்டாம் என்று சொல்லிவிடும். இந்தத் தூளில் அந்தக் கசப்பைப் புளிப்பாலும் சுக்ரலோஸ் இனிப்பாலும் மூடி, ஐஸ் தண்ணீரில் கலந்து குடிக்க வைக்கிறார்கள். நாவல்பழம், தர்பூசணி, பஞ்சுமிட்டாய் என்று ருசிகள். பஞ்சுமிட்டாய் ருசியில் ஒன்றரை டம்ளர் டிகாக்ஷன் என்றால், அது யாருக்காகச் செய்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தால் டாரின், டைரோசின் என்று வரிசையாகப் பெயர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மொத்த எடை. எது எவ்வளவு என்று இல்லை. டாரின் என்றால் என்ன என்று என் மனைவி கேட்டாள். பையன் செல்லில் தேடி, 1827-இல் ஜெர்மனியில் காளைமாட்டின் பித்தத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தது என்று வாசித்தான். அவ்வளவுதான், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக டப்பா வாசலுக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள் என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

என் காபித்தூள் பொட்டலத்தில் காபி 80 சதவீதம், சிக்கரி 20 சதவீதம் என்று அச்சடித்தே ஆக வேண்டும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. காஃபீன்கூட இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று எனக்கு விதி இருக்கிறது. புளியங்கொட்டையை வறுத்துக் கலந்த மகானுபாவர்களால் வந்த வினை அது. சதவீதம் மங்கலாக அச்சாகியிருந்ததற்கு ஒருமுறை நோட்டீஸ் வாங்கி, அந்தக் கவர் கட்டு முழுவதையும் கிழித்துப் போட்டேன். அதில் எனக்குக் குறை இல்லை, வாங்குகிறவனுக்குத் தெரியத்தான் வேண்டும். சிக்கரி பாவம், அதில் ஒரு சொட்டுக் காஃபீன் கிடையாது. யாருடைய நெஞ்சையும் அது படபடக்க வைத்ததில்லை. அதற்கே இத்தனை கட்டுப்பாடு.

பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்கு விற்கிற சிவப்புத் தண்ணீர் பாட்டிலுக்கும் சட்டம் இருக்கிறது. காஃபீன் கலந்த பானம் என்றால் லிட்டருக்கு 145-க்குக் குறையாமல் 300 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல, ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று பாட்டிலில் போட்டிருக்கிறார்கள், எறும்பு எழுத்தில்தான் என்றாலும். லிட்டருக்கு 300 என்றால் அரை லிட்டருக்கு 150. ஆக, ஒரு நாள் முழுக்க பாட்டில் வழியாக உள்ளே போகக்கூடிய உச்ச அளவு அந்தத் தூளில் ஒரே கரண்டி!

தூளுக்கு லிட்டர் என்பதே கிடையாது, அங்கேதான் ஓட்டை. எவ்வளவு தண்ணீர் என்பதைக் குடிக்கிறவன் முடிவு செய்கிறான். என் பேரன் ஊற்றியது 300 மில்லி. அவனுடைய கோபுரக் கரண்டிக்குக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 700-க்கு மேல் வருகிறது. அதே தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக் கடையில் வைத்தால் அதிகாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார். தூளாக, கூரியரில், 16 வயதுப் பையன் பெயருக்கு வந்தால் கையெழுத்து மட்டும் போட்டு வாங்கிக்கொள்ளலாம். டப்பாவின் அடியில் 18 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. வாங்கும்போது யாரும் வயதைக் கேட்கவில்லை. அம்மா பிறந்தநாளுக்கு அனுப்பிய பணம், மூவாயிரத்துச் சொச்சம், இரண்டு டப்பாவுக்கு அப்படியே போயிருக்கிறது.

2024 ஏப்ரலில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், கண்டதையும் 'ஹெல்த் டிரிங்க்', 'எனர்ஜி டிரிங்க்' என்ற தலைப்பில் போட்டு விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்கு உத்தரவு போட்டது. அதனால் இப்போது இந்தத் தூளுக்குத் தலைப்பு மாறி 'சப்ளிமென்ட்' என்றாகிவிட்டது போலிருக்கிறது. பெயர் மாறினால் என்ன, கரண்டி மாறவில்லையே.

யார் சொல்லி வாங்கினாய் என்று கேட்டேன். அவன் பார்க்கிற தமிழ் யூடியூபர் ஒருவர். ராத்திரி நேரலையில் ஆடிக்கொண்டே குலுக்கிக் குடிக்கிறார். "நம்ம பேரைப் போட்டா பத்து பர்சென்ட் கம்மி, மாப்ள" என்கிறார். அண்ணன் சொன்னது மாதிரிதான் பையனுக்கு. அப்படி விற்கிற ஒவ்வொரு டப்பாவிலும் அவருக்கும் பங்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. நேரலையில் பொருளைப் புகழ்ந்தால், அது காசு வாங்கிச் செய்கிற விளம்பரம் என்று நேரலை முழுக்கத் திரையில் தெரிய வேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே மத்திய நுகர்வோர் துறை சொல்லியிருக்கிறது. இரண்டு மணி நேரம் நானும் பேரனும் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் தெரிந்ததெல்லாம் கூப்பன் கோடுதான்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று அவனே தேடிக் காட்டினான். கோபம் தணிந்தபிறகு எனக்கு வக்கீல் குமாஸ்தா மாதிரி ஆகிவிட்டான். போலந்தில் 2024 ஜனவரி 1 முதல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எனர்ஜி பானங்கள் விற்கக் கூடாது. கனடாவில் ஒரு டின் எனர்ஜி பானத்துக்கு 180 மில்லிகிராம்தான் உச்சம். அமெரிக்காவில் இரண்டு யூடியூபர்கள் ஆரம்பித்த பிரைம் என்கிற கம்பெனியின் எனர்ஜி பானத்தில் ஒரு டின்னுக்கு 200 இருந்தது. 2023-இல் செனட்டர் சக் ஷூமர் இதை விசாரியுங்கள் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். அவர் சத்தம் போட்ட அந்த 200-ஐவிட என் பேரனின் ஒரு கரண்டி அதிகம். இந்தத் தூள் வியாபாரத்தில் பெரிய பெயரான ஜி ஃப்யூயலும் அந்த ஊர்ச் சரக்குதான், அதிலும் ஒரு கரண்டிக்கு 140, டப்பாவுக்கு 40 கரண்டி. இப்போது அதே அச்சில் நம் நாட்டிலும் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள்.

தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடை செய்தால் டப்பா ஷூ பெட்டியிலிருந்து இன்னும் உள்ளே போகும், அவ்வளவுதான். என்னிடம் கேட்பதை அவர்களிடமும் கேளுங்கள் என்கிறேன். ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் காஃபீன் என்று டப்பாவின் முன்பக்கத்தில், ராட்சசன் படத்துக்குப் பக்கத்திலேயே, தமிழிலும் போடட்டும். இங்கிலீஷோ இந்தியோ இருந்தால் போதும் என்று விதி இருக்கிறது, தமிழில் போடக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. கரண்டியோடு வழிப்பதற்கு ஒரு தட்டை மூடி கொடுக்கட்டும், நாலணா பிளாஸ்டிக். எத்தனை மில்லி தண்ணீர் என்பதற்குக் குலுக்குப் பாட்டிலில் ஒரு கோடு இருக்கட்டும். கூரியர்காரர் வாசலில் வயதைப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். தூளைக் கரைத்தால் அதுவும் பானம்தான், லிட்டர் கணக்கு அதற்கும் பொருந்தும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரியில் தெளிவாகச் சொல்லிவிடட்டும்.

பேரன் நிறுத்திவிட்டான். மூன்று நாள் தலைவலி என்று சுருண்டு கிடந்தான். ஏகாதசிக்குக் காபியை விட்டுவிட்டு, துவாதசி காலையில் கடைத் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பழகியவன் நான், பயப்படவில்லை. நாலாம் நாள் சரியாகிவிட்டது. கேம் இன்னமும் ஆடுகிறான், பதினொன்றரைக்குப் படுத்துவிடுகிறான். ரேங்க் இறங்கிவிட்டது என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் பழையபடி ஏறிவிட்டது என்று அவனே சொன்னான், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "உங்க பொட்டலத்துலயும் காஃபீன் எவ்வளவுன்னு போடல தாத்தா" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை. சட்டம் சிக்கரியைத்தான் கேட்கிறது, காஃபீன் அளவைப் போடச் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம்தான். மூன்று கலவையிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வந்ததும் ஒரு டம்ளருக்கு இவ்வளவு என்று கவரில் வந்துவிடும், எழுத்தின் அளவைப் பேரன்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். பெரிதாகவே இருக்கிறது. நேற்று எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "ஏன் சார், இதப் பாத்துட்டு யாராவது வாங்குவாங்களா?" என்று கேட்டார்கள். ஆயிரம் கவருக்குப் பதில் ஐந்நூறு போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒரு காபித்தூள் வியாபாரி,
மயிலாடுதுறை